எங்கிருந்து எங்கு வரை: ஒரு பழைய பிக்கப்புக்கு டிரைவ்ஷாஃப்ட் அளத்தல்

புத்தகத்தில் அச்சாகியிருக்கும் டிரைவ்ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த் தண்டு) நீளம், ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருந்தால்தான் உதவும். ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு பிக்கப் அப்படி இருப்பதில்லை. நம்மிடம் வருவதற்குள் அது பல கை மாறியிருக்கும். ஒருவர் கியர்பாக்ஸை மாற்றியிருப்பார், இன்னொருவர் பின்புறம் குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தியிருப்பார், மூன்றாமவர் ஷாஃப்ட்டையே வெட்டி ஒட்டியிருப்பார். ஆகவே கழற்றித் தரையில் போட்ட பழைய ஷாஃப்ட்டின் மேல் டேப்பை நீட்டி, வந்த எண்ணைப் பட்டறைக்குச் சொல்வதை அளவெடுப்பதாக நான் கருதுவதில்லை. முன்பு இருந்த உரிமையாளர் எடுத்த முடிவை, அது சரியா தவறா என்று தெரியாமலே, மறுபடியும் காசு கொடுத்து வாங்குவதாகத்தான் அது முடியும். அளக்க வேண்டியது அந்த ஷாஃப்ட் உட்கார வேண்டிய இடைவெளியை. அதுவும் வண்டி எந்த நிலையில் நின்றது, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தோம் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டின் ஷெவர்லே சி10. 8 அடிப் பின்பெட்டி, 127 அங்குல வீல்பேஸ், பின்சக்கர ஓட்டம், 350 கன அங்குல வி8 எஞ்சின். 1967 முதல் 1972 வரை ஒரே உடலமைப்பில் வந்த வரிசையின் கடைசி ஆண்டு வண்டி இது. இதே வரிசையில் குட்டைப் பின்பெட்டி கொண்ட வண்டிக்கு வீல்பேஸ் 115 அங்குலம். நான் இருக்கும் ஓஹாயோவில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள் என்பதால், வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் இரும்பு எதுவும் நெடுநாள் தாங்குவதில்லை. ஷாஃப்ட்டின் பின்குழாயில் துரு குழி குழியாக அரித்திருந்தது. போதாக்குறைக்கு யாரோ எப்போதோ ஜாக்கியை அதற்கு முட்டுக் கொடுத்ததில் ஒரு நசுங்கலும் இருந்தது. மெல்லிய சுவர் கொண்ட குழாயில் நசுங்கல் விழுந்தால் அந்தக் குழாய் முடிந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, மூன்று கியர் டர்போ ஹைட்ரமாட்டிக் 350 கியர்பாக்ஸை எடுத்துவிட்டு, ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கடைசி கியர்) உள்ள நான்கு கியர் 700ஆர்4 போடுவதென்றும் முடிவாகியிருந்தது. எப்படிப் பார்த்தாலும் புது ஷாஃப்ட்டு வேண்டும்.

இந்தக் கியர்பாக்ஸ் மாற்றம் பழைய வண்டிக்காரர்களிடையே மிகவும் பரவலானது. அதனாலேயே அதைப் பற்றிய வாய்வழி எண்களும் பரவலாகத் திரிகின்றன. ‘மூன்று அங்குலம் வெட்டினால் போதும்’ என்பது அவற்றுள் முதன்மையானது. இது முழுப் பொய்யும் இல்லை. 6 அங்குல வால் (கியர்பாக்ஸின் பின்முனைக் கூடு) கொண்ட டர்போ 350இன் மொத்த நீளம் 27 11/16 அங்குலம்; 700ஆர்4இன் நீளம் 30 3/4 அங்குலம்; கழித்தால் 3 1/16 வருகிறது. சிக்கல் என்னவென்றால், டர்போ 350 ஒரே வாலோடு வரவில்லை. 6, 9, 12 அங்குலம் என மூன்று வகை வால்களில் வந்தது. 9 அங்குல வால் கொண்டது வண்டியில் இருந்தால் அதன் நீளமும் 700ஆர்4இன் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றே. அங்கே மூன்று அங்குலம் வெட்டியவர் மூன்று அங்குலம் குட்டையான ஷாஃப்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பெயர் ஒன்று, எஞ்சின் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஆனால் வால் வேறு. பிறர் சொல்லும் கழித்தல் கணக்கை நான் நம்பாததற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஒரு வசதி மட்டும் உண்டு. இந்த இரண்டு கியர்பாக்ஸ்களின் வெளியீட்டுத் தண்டிலும் 27 ஸ்ப்ளைன் பற்கள்தான் (தண்டின் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) என்பதால், ஒன்றின் ஸ்லிப் யோக் (ஷாஃப்ட்டின் முன்முனையில் இருந்து அந்தப் பற்களின் மேல் சறுக்கும் கவை) மற்றொன்றிலும் ஏறும். கனரக வேலைக்கான டர்போ 400இல் 32 பற்கள். அதன் யோக் இவற்றுக்குப் பொருந்தாது. பற்களை எண்ணும்போது ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு எண்ணத் தொடங்குவது நல்லது. எண்ணெய் படிந்த வட்டத்தில் எங்கே தொடங்கினோம் என்பது பாதியிலேயே மறந்துபோகும்.

அளப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. எஞ்சின் மவுன்ட்டுகள் புதிதாகப் போட வேண்டியிருந்தால் போட்டிருக்க வேண்டும். கியர்பாக்ஸின் பின் மவுன்ட்டும் அதைத் தாங்கும் கிராஸ்மெம்பரும் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) இறுதி இடத்தில் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். 700ஆர்4க்கு மவுன்ட் புள்ளி பின்னோக்கித் தள்ளிப்போவதால் கிராஸ்மெம்பருக்குப் புதுத் துளை போட வேண்டியிருக்கும், அதன் உயரம் கால் அங்குலம் மாறினாலும் கியர்பாக்ஸின் சாய்வு மாறும். டயரும் ஸ்பிரிங்கும் இனி மாற்றப்போவதில்லை என்ற நிலைக்கு வந்திருக்க வேண்டும். டிரைவ்ஷாஃப்ட்டு அளவு எப்போதும் கடைசி அளவு. அதற்கு முன்னால் உள்ள எது அசைந்தாலும் அது செல்லாது.

அடுத்தது வண்டி நிற்கும் நிலை. பின் அச்சு அந்தரத்தில் தொங்க, சேசிஸை மட்டும் தூக்கி நிறுத்தும் இரட்டைத் தூண் லிஃப்டில் வைத்து அளப்பது வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வண்டி சாலையில் அப்படி ஓடுவதில்லை. அச்சு கீழே தொங்கும்போது பினியனின் (பின் அச்சுக்குள் சுழற்சியை வாங்கும் பல்சக்கரத் தண்டு) இடமும் மாறுகிறது, அதன் மூக்கு பார்க்கும் திசையும் மாறுகிறது. வண்டியின் முழு எடையும் சக்கரங்களின் மேல் இருக்க, ஸ்பிரிங்குகள் அன்றாடம் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கியிருக்க வேண்டும். நான்கு சக்கரங்களையும் சரிவுப் பலகைகளில் ஏற்றி நிறுத்தலாம். இல்லாவிட்டால் பின்னால் அச்சுக் குழாய்களுக்கு அடியிலும், முன்னால் கீழ்க் கன்ட்ரோல் ஆர்ம்களுக்கு அடியிலும் ஸ்டாண்டு கொடுக்கலாம். பின்பெட்டியில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கிவிட வேண்டும். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்பது இந்த வண்டியில் பெரிய கவலை இல்லை. 1972 வரையிலான இந்தப் பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சுமார் 20 கேலன் பெட்ரோலைத் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அன்றைக்கு யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை போலும்.

இந்த வண்டியின் பின் சஸ்பென்ஷனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவின் பாதி அதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றில் பின் அச்சை லீஃப் ஸ்பிரிங் கட்டுகள் தாங்கின. சி10இல் காயில் ஸ்பிரிங்கும், முன்னோக்கி நீளும் இரண்டு நீண்ட டிரெய்லிங் ஆர்ம்களும் இருக்கின்றன. ஆர்ம்களின் முன்முனைகள் கேபினுக்கு அடியில் ஒரு கிராஸ்மெம்பரில் கீல்போல் பூட்டப்பட்டுள்ளன. நீளப் பின்பெட்டி வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வருகிறது. இரண்டும் சேரும் இடத்தைத் தாங்கும் சென்டர் பேரிங்கும் அதே கிராஸ்மெம்பரில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும், அச்சைப் பிடித்திருக்கும் ஆர்ம்களும் அச்சை நோக்கிப் போகும் பின் ஷாஃப்ட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தை மையமாகக் கொண்டு ஊசலாடுகின்றன. அதனால் ஷாஃப்ட்டு நீளவோ சுருங்கவோ வேண்டிய அளவு மிகக் குறைவு. நாஸ்கார் பந்தயக் கார்கள் பல பத்தாண்டுகளாகப் பின் அச்சுக்கு இந்த அமைப்பையே பயன்படுத்தின. மூட்டை சுமக்கும் பிக்கப்பிலிருந்து பந்தயக் கார் கடன் வாங்கிய அரிய இடங்களில் இது ஒன்று.

சென்டர் பேரிங்குக்கு முன்னால் இருக்கும் பாதி, கியர்பாக்ஸின் வாலுக்குள் நுழையும் ஸ்லிப் யோக்கில் தொடங்குகிறது. இதைக் கழற்றியதும் உடனே துடைத்துவிடக் கூடாது. யோக்கின் உருளையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தால், ஆயில் சீலின் உதடு உரசி உரசி ஓரிடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு வளையம் தெரியும். அதற்கு வெளியே இருக்கும் பகுதி, மண்ணும் எண்ணெயும் கலந்து பழுப்பேறிக் கிடக்கும். அந்த எல்லைக்கோடு, இத்தனை ஆண்டுகளாக யோக் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே இருந்து ஓடியது என்பதற்கான சாட்சி. வளையம் உருளையின் வேர்வரை போயிருந்தால் ஷாஃப்ட் நீளமாக இருந்து கியர்பாக்ஸை இடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நுனிக்கு அருகிலேயே நின்றிருந்தால் சில பற்களின் நுனிகளை மட்டும் நம்பிக்கொண்டு வண்டி ஓடியிருக்கிறது. என் வண்டியில் இரண்டுமின்றி நடுவில் இருந்தது. ஆலை போட்ட அமைப்பை இந்த விஷயத்தில் யாரும் கெடுக்கவில்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

புது அளவுக்கு, யோக்கை கியர்பாக்ஸுக்குள் முட்டும்வரை தள்ளி, பிறகு முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை வெளியே இழுத்து நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் சீலின் முகத்தை ஒட்டி யோக்கின் மேல் ஒரு சுற்று மறைப்பு டேப் ஒட்டிவிட்டால், கை பட்டு நகர்ந்தாலும் தெரிந்துவிடும். இந்த இடைவெளி எதற்கென்றால், எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்டுகளில் நிற்பவை, முன்னும் பின்னும் சிறிது நகர்பவை. ஒரே துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் சஸ்பென்ஷனின் அசைவு முழுவதையும் இந்த யோக்தான் ஏற்க வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் அந்த வேலையைச் சென்டர் பேரிங்குக்குப் பின்னால் இருக்கும் சறுக்கு ஸ்ப்ளைன் ஏற்றுக்கொள்கிறது.

இனி அளக்கும் புள்ளிகள். சில பட்டறைகள் ஆயில் சீலின் வெளிமுகத்திலிருந்து பினியன் யோக்கில் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்புத் துண்டு) உட்காரும் குழியின் மையம் வரை கேட்பார்கள். சில பட்டறைகள் ஒரு யூ-ஜாயின்ட்டின் (இரண்டு யோக்குகளைக் கிராஸால் இணைத்து, வளைந்தபடி சுழலவிடும் மூட்டு) மையத்திலிருந்து அடுத்த யூ-ஜாயின்ட்டின் மையம் வரை கேட்பார்கள். இரண்டும் சரியான முறைகளே. ஒன்றின்படி அளந்து மற்றொன்றின்படி எழுதிக் கொடுப்பதுதான் கேடு. ஸ்லிப் யோக்கின் நீளம் முழுவதும் பிழையாகிவிடும். இரண்டு துண்டு ஷாஃப்ட்டுக்கு முன்பாதியைத் தனியாக, முன் ஜாயின்ட் மையத்திலிருந்து சென்டர் பேரிங்கின் நடுத்தளம் வரை அளக்க வேண்டும். பின்பாதியைத் தனியாக, நடு ஜாயின்ட் மையத்திலிருந்து பினியன் ஜாயின்ட் மையம் வரை, சறுக்கு ஸ்ப்ளைன் தன் ஓட்டத்தின் நடுப்பகுதியில் இருக்கும்போது அளக்க வேண்டும். சென்டர் பேரிங்கைப் புதிதாக வாங்கி, வெறுமையாகவே கிராஸ்மெம்பரில் பூட்டி, அதன் துளைக்குள் இறுக்கமாக நிற்கும் ஒரு குழாய்த் துண்டைச் செருகிக்கொண்டால், காற்றில் மையத்தைத் தேட வேண்டியதில்லை.

டேப்பை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அதன் நுனியில் இருக்கும் கொக்கி தளர்ந்திருப்பது பழுதன்று. வெளியே மாட்டி அளந்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கொக்கியின் கனம் கணக்கில் வந்துவிடவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பலமுறை கீழே விழுந்து வளைந்த கொக்கி அப்படிக் கணக்கு வைத்திருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு முனையை ஒரு கையால் பிடித்து, மறுமுனையில் தலைகீழாகத் தெரியும் பதினாறில் ஒரு பாகக் கோடுகளைப் படிப்பது. தச்சர்கள் ஜன்னல் சட்டத்தின் மூலைவிட்டத்தை ஒப்பிடப் பயன்படுத்தும் இரட்டைக் குச்சி முறை இங்கே மிக நன்றாக வேலை செய்கிறது. இரண்டு நேரான சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் முனையைக் கியர்பாக்ஸ் சீலின் முகத்திலும் மற்றொன்றின் முனையைச் சென்டர் பேரிங்கின் குழாயிலும் முட்டும்படி நீட்டி, இரண்டும் மேலேறும் இடத்தில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினால், அந்த இடைவெளி அப்படியே மரத்தில் பதிந்துவிடுகிறது. பிறகு வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில் அளந்துகொள்ளலாம். எண்ணைப் படிக்கும் வேலையைத் இருட்டும் தூசியும் உள்ள இடத்திலிருந்து பிரித்துவிடுவதே இதன் பயன்.

‘ஷாஃப்ட் சாய்வாக அல்லவா இருக்கிறது, கிடைமட்டத்தில் அளந்தால் தப்பாகிவிடாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. 60 அங்குல நீளத்துக்கு 3 டிகிரி சாய்வு இருந்தால் கிடைமட்ட நீளத்துக்கும் சாய்வு நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.08 அங்குலம். சறுக்குவதற்கென்றே முக்கால் அங்குலம் விட்டிருக்கும் இடத்தில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீளத்தைவிட அதிகமாகத் தவறு நேரும் இடம் யூ-ஜாயின்ட்டின் அளவு. இந்தத் தொழிலில் இன்றும் புழங்கும் எண்கள் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவரின் நிறுவனத்திலிருந்து வந்தவை. கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் முறைக்கு மாற்றாக, மூடிய யூனிவர்சல் ஜாயின்ட் கொண்ட டிரைவ்ஷாஃப்ட்டை வடிவமைத்து, 1903இல் காப்புரிமை பெற்று, 1904இல் நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் தொழிலைத் தொடங்கியவர் அவர். அந்த நிறுவனமே பிற்பாடு டானா என்ற பெயரில் ஓஹாயோவில் நிலைகொண்டது. 1310, 1330, 1350 என்ற ஸ்பைசர் வரிசை எண்களை நன்றாகப் பார்க்க வேண்டும். 1310க்கும் 1330க்கும் கப்பின் (கிராஸின் ஒவ்வொரு முனையையும் மூடும் பேரிங் கிண்ணம்) விட்டம் ஒன்றே, 1 1/16 அங்குலம். ஆனால் ஒரு கப்பின் வெளிமுகத்திலிருந்து எதிர்க் கப்பின் வெளிமுகம் வரையிலான அகலம் முதலாவதில் 3 7/32, இரண்டாவதில் 3 5/8. 1330க்கும் 1350க்கும் அகலம் ஒன்றே, 3 5/8. ஆனால் 1350இன் கப் விட்டம் 1 3/16. ஒரே ஓர் அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வாய்ப்பில் தவறான கிராஸ்தான் கிடைக்கும். விட்டம், அகலம் இரண்டையும் வெர்னியரால் அளந்தே ஆக வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அவர்களுக்கென்று 3ஆர் போன்ற தனி அளவுகள் உண்டு. கப்பின் விட்டம் 1 1/8 அங்குலம், பிடித்துவைக்கும் சர்கிளிப் யோக்கின் வெளிப்புறக் காடியில் இல்லாமல் உட்புறத்தில் கப்பின் காடியில் உட்காரும். ஆலை போட்ட மூல ஜாயின்ட்டுகள் பலவற்றில் சர்கிளிப்பே இருக்காது. யோக்கின் சிறு துளை வழியாக உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி கப்பைப் பூட்டியிருப்பார்கள். அந்தத் துளையில் மெழுகுப் பொட்டுபோல் பிளாஸ்டிக் தெரிந்தால், முதலில் சூடுகாட்டி அதை இளக்கிய பிறகுதான் அழுத்தி எடுக்க வேண்டும். வெறுமனே சுத்தியலால் அடித்தால் யோக்கின் காது வளையும். பினியன் யோக்கின் அளவும் ஷாஃப்ட்டின் அளவும் ஒன்றாக இல்லாதபோது, இரண்டு கப்புகள் ஓர் அளவிலும் மற்ற இரண்டு வேறோர் அளவிலும் இருக்கும் கலப்பு கிராஸ் கிடைக்கிறது. நான் அதை விரும்புவதில்லை. அவசரத்துக்கு உதவும், ஆனால் பின்னொரு நாள் எங்கோ சிற்றூரில் கிராஸ் போனால் அங்குள்ள கடையில் அது இருக்காது. பினியன் யோக்கையே மாற்றி இரு முனைகளுக்கும் ஒரே வரிசையைப் போடுவது சற்றுச் செலவானாலும் நிம்மதி.

இரண்டு துண்டு ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு ஒரே துண்டாகப் போட்டுவிடலாமே, சென்டர் பேரிங் என்ற தலைவலி ஒழியுமே என்ற யோசனை எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். சுழலும் நீண்ட குழாய்க்கு ஒரு குறிப்பிட்ட வேகம் உண்டு. அதை நெருங்கினால், இரண்டு சிறுமிகள் இரு முனையைப் பிடித்துச் சுழற்றும் தாண்டுகயிறு நடுவில் வயிறு தள்ளுவதைப் போல் அதுவும் வளைந்து சுற்றத் தொடங்கும். இந்த வேகம் குழாயின் விட்டம் கூடக் கூட அதிகரிக்கும், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதாவது நீளம் இரு மடங்கானால் வேகம் நான்கில் ஒன்றாகும். 0.083 அங்குலச் சுவர் கொண்ட, 70 அங்குல நீளமுள்ள எஃகுக் குழாயை எடுத்துக்கொண்டால், 3 அங்குல விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 சுற்று, 3½ அங்குலத்துக்கு 4600, 4 அங்குலத்துக்கு 5300. இதில் முக்கால் பங்கைத்தான் பாதுகாப்பான எல்லையாகக் கொள்வது வழக்கம்; ஆகவே 3 அங்குலக் குழாய்க்கு அது சுமார் 3000.

இப்போது சாலைக்கு வருவோம். 28 அங்குல உயர டயரும் 3.73 டிஃபரன்ஷியல் விகிதமும் உள்ள வண்டி மணிக்கு 65 மைலில் ஓடும்போது டிரைவ்ஷாஃப்ட் நிமிடத்துக்கு சுமார் 2900 சுற்று சுழல்கிறது. 75 மைலில் 3350ஐத் தாண்டுகிறது. ஓவர்டிரைவ் போட்டால் இது குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். 700ஆர்4இன் நான்காம் கியர் விகிதம் 0.70 என்பதால் எஞ்சின்தான் 2900இலிருந்து 2000 அளவுக்கு இறங்குகிறது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. சாலை வேகம் எதுவோ அதற்கேற்பவே அது சுற்றும். எஞ்சின் சத்தம் குறைந்து ஓட்டுவது சுகமாகிவிடுவதால் வேகம் தன்னையறியாமல் கூடுமேயன்றிக் குறையாது. போதாததற்கு, 700ஆர்4இன் முதல் கியர் 3.06, டர்போ 350இன் முதல் கியர் 2.52, புறப்படும்போது ஷாஃப்ட்டின் மேல் விழும் முறுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. நீளப் பின்பெட்டிக்கு இரண்டு துண்டு போட்டவர்கள் காரணத்தோடுதான் போட்டார்கள். நான் இரண்டு துண்டாகவே விட்டேன்.

அப்படி விட்டதன் விலை, சாய்வுக் கோணங்களில் கூடுதல் கவனம். கிராஸ் வைத்த ஜாயின்ட் ஒரு கோணத்தில் வளைந்து சுழலும்போது, முன்தண்டு சீராகச் சுற்றினாலும் பின்தண்டு சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்துகிறது. 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றில் 0.14 பங்குதான், 10 டிகிரியில் நூற்றில் ஒன்றரைப் பங்கு ஆகிவிடுகிறது. அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் சமமான கோணம் இருந்து, இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நின்றால், ஒன்று கெடுத்ததை மற்றொன்று சரிசெய்துவிடும். சுழி டிகிரியே நல்லது என்றும் நினைக்கக் கூடாது. கொஞ்சமும் வளையாத ஜாயின்ட்டில் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அமர்ந்து, கிராஸின் தண்டில் வரிவரியாகப் பள்ளம் பதித்துவிடும். கழற்றிய பழைய கிராஸின் மேல் விரல் நகத்தை வைத்து இழுத்தால் அந்த வரிகள் தடதடவென்று தட்டுப்படும். அரை டிகிரிக்குக் குறையாமல், 3 டிகிரிக்கு மிகாமல் என்பதே நான் பின்பற்றிய எல்லை.

கோணமானியை கியர்பாக்ஸ் வாலின் சமதளம், முன் ஷாஃப்ட் இருக்க வேண்டிய கோடு, பின் ஷாஃப்ட்டின் கோடு, பினியன் யோக்கின் முகம் ஆகியவற்றில் வரிசையாக வைத்து, வண்டியை நகர்த்தாமல் அளக்க வேண்டும். தரை சற்றுச் சரிவாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம் மட்டுமே. எடுத்துக்காட்டாகக் கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி இறங்குகிறது, முன் ஷாஃப்ட் 3.5, பின் ஷாஃப்ட் 5.5, பினியனின் அச்சுக்கோடு 3.5 என்று வைத்துக்கொள்வோம். முன் ஜாயின்ட்டின் வளைவு அரை டிகிரி; நடு ஜாயின்ட்டுக்கு 2, பினியன் ஜாயின்ட்டுக்கும் 2. முன் ஜாயின்ட் தனியாக நிற்பதால் அதைச் சிறிதாக வைத்து, பின்னிரண்டையும் ஒன்றையொன்று சரிசெய்ய விடுவதே இந்த அமைப்பின் நோக்கம். சென்டர் பேரிங்குக்கு அடியில் தகடு வைத்தோ எடுத்தோ நடுப்புள்ளியின் உயரத்தை மாற்றலாம்.

மேலிருந்து பார்க்கும் கோணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தூக்குக்குண்டைக் கியர்பாக்ஸ் வாலின் மையத்திலிருந்தும் சென்டர் பேரிங் மையத்திலிருந்தும் பினியன் மையத்திலிருந்தும் இறக்கித் தரையில் குறித்தால், மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பக்கவாட்டில் 2 டிகிரியும் மேல்பார்வையில் 1.5 டிகிரியும் இருந்தால் ஜாயின்ட் உண்மையில் உணர்வது 2.5 டிகிரி, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

பட்டறைக்கு நான் கொடுத்தது ஒரு தாளில் வரைந்த கோட்டுப்படம். ஒவ்வொரு நீளத்துக்கும் இரு முனையிலும் அம்புக்குறி, அம்புக்குறி தொடும் இடத்தின் பெயர், ‘முழு எடையும் சக்கரத்தின் மேல்’ என்ற குறிப்பு, யோக் எவ்வளவு வெளியே இழுக்கப்பட்டது, ஸ்ப்ளைன் எண்ணிக்கை, ஒவ்வொரு முனையிலும் கப் விட்டமும் அகலமும், குழாயின் விட்டம். பழைய ஷாஃப்ட்டையும் கூடவே எடுத்துச் சென்றேன், அளவுக்காக இல்லாவிட்டாலும் சென்டர் பேரிங் உட்காரும் தண்டும் ஸ்ப்ளைனும் எந்த வகை என்பதை அவர்கள் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்பதற்காக. இரண்டு பாதிகளையும் கோத்த நிலையிலேயே பேலன்ஸ் செய்து, கோத்த இடத்தில் இரண்டிலும் நேருக்கு நேர் பெயின்ட் அம்பு போட்டுத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். ஒரு ஸ்ப்ளைன் பல் மாறிக் கோத்தாலும் யோக்குகள் தளம் மாறும், பேலன்ஸும் போய்விடும்.

வந்த ஷாஃப்ட்டைப் பூட்டியபின் ஸ்ட்ராப் போல்ட்டுகளை இறுதியாக முறுக்குவதற்கு முன், சேசிஸை ஜாக்கியால் தூக்கிப் பின் அச்சை முழுவதும் தொங்கவிட்டுச் சறுக்கு ஸ்ப்ளைன் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு காயில் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, அச்சைத் தடுப்பு ரப்பரில் முட்டும்வரை மேலே தூக்கி, எவ்வளவு உள்ளே போகிறது, இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பார்க்க வேண்டும். இரண்டு எல்லைகளிலும் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, யோக்கின் காதுகள் ஒன்றோடொன்று உரசவில்லை, குழாய் எரிபுகைக் குழாயைத் தொடவில்லை என்று உறுதிசெய்த பிறகு ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, கோணமானியால் மூன்று ஜாயின்ட்டுகளையும் மீண்டும் படித்தேன். நடு ஜாயின்ட்டுக்கும் பினியனுக்கும் இடையே அரை டிகிரி வித்தியாசம் இருந்தது. சென்டர் பேரிங்குக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் சேர்த்ததும் அது சரியாயிற்று.